வாட்டர்லூ கோப்பையை நிறுத்தியது சட்டமா?

கேள்வி: இங்கிலாந்தில் கிரேஹவுண்ட் நாய்களுக்கு வாட்டர்லூ கோப்பை என்று பெரிய போட்டி ஒன்று நடந்ததாமே? 2005இல் தடை போட்டு நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நடந்த ஒரு போட்டி ஒரே சட்டத்தில் முடிந்துபோகுமா?

கதவைச் சாத்தியது சட்டம்தான். ஆனால் சாத்தும்போது உள்ளே கூட்டம் எப்போதோ கலைந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கோப்பைக்கு விழுந்த பெரிய அடி 1926 ஜூலையில், மான்செஸ்டரில், ஒரு மின்சார முயலின் வடிவத்தில் விழுந்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், உயிருள்ள முயலை நாய்கள் துரத்தும் அந்தப் போட்டியில் உண்மையில் எதை அளந்தார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். பலரும் நினைப்பதுபோல வேகத்தையும் அளக்கவில்லை, கொல்வதையும் அளக்கவில்லை.

பெயரிலிருந்தே ஒரு குழப்பம் உண்டு. வாட்டர்லூ என்றதும் நெப்போலியன் ஞாபகத்துக்கு வருவார். கோப்பைக்கும் போருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. லிவர்பூலில் வாட்டர்லூ ஹோட்டல் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. அதை நடத்தியவர் வில்லியம் லின். போரின் பெயர் ஹோட்டலுக்குப் போய், ஹோட்டலின் பெயர் கோப்பைக்கு வந்தது. லின் சாதாரண ஆள் இல்லை. செஃப்டன் பிரபுவிடம் எயின்ட்ரீயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குதிரைப் பந்தயம் நடத்தியவர். இன்று கிராண்ட் நேஷனல் என்று உலகமே பார்க்கும் பந்தயத்தின் தொடக்கம் அவருடைய கை. குதிரைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என இரண்டு பெரிய போட்டிகளை ஒரு ஹோட்டல்காரர் கிளப்பிவிட்டிருக்கிறார். பந்தயம் பார்க்க வருகிறவன் எங்கேயாவது தங்கித்தானே ஆகவேண்டும்!

காலமும் அவருக்கு ஒத்துழைத்தது. அதுவரை இங்கிலாந்தில் முயல் துரத்துவது நிலக்காரர்களின் உரிமை. இவ்வளவு சொத்து இருந்தால்தான் வேட்டையாடலாம் என்று சட்டமே இருந்தது. 1831இல் வந்த வேட்டைச் சட்டம் அந்தச் சொத்துத் தகுதியை எடுத்துவிட்டது. ஐந்தே வருடத்தில், 1836இல், லிவர்பூலுக்கு வடக்கே ஆல்ட்கார் சமவெளியில் முதல் வாட்டர்லூ போட்டி நடந்தது. எட்டு நாய்கள்தான். நிலம் செஃப்டன் குடும்பத்துடையது. ஜெயித்த மிலனி என்ற நாயும் அதே குடும்பத்து மாலினியூ பிரபுவுடையது. அடுத்த வருடம் 16 நாய்கள், அதற்கடுத்த வருடம் 32. 1857இல் 64. அதற்குப் பிறகு 64 என்பதே கணக்காக நிலைத்தது. ஒவ்வொரு நாய்க்கும் 25 பவுண்டு கட்ட வேண்டும். முதல் பரிசு 500 பவுண்டு, இரண்டாம் பரிசு 200. முதல் சுற்றில் தோற்ற 32 நாய்களையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, அவற்றுக்குள் தனியாக ஒரு போட்டி. இரண்டாம் சுற்றில் தோற்ற 16க்கு இன்னொரு போட்டி. மூன்று நாளும் கூட்டம் கலையாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

ஆல்ட்கார் என்பது ஆல்ட் ஆற்றங்கரையில் சதுப்பை வடித்து எடுத்த தட்டை நிலம். வயலுக்கு வயல் வாய்க்கால். பிப்ரவரியில் கடற்காற்று எலும்பைத் துளைக்கும். 1850இல் லிவர்பூலிலிருந்து சவுத்போர்ட் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்துக் கூட்டம் அந்தச் சேற்றில் வந்து நிற்க ஆரம்பித்தது. விக்டோரியா காலத்து உச்சத்தில் 80,000 பேர்வரை கூடியதாகச் சொல்வார்கள்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். இதற்கு ஆங்கிலத்தில் கோர்ஸிங் என்று பெயர். ஓடுதளம் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. ஒரு தடவைக்கு இரண்டே நாய்கள். ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டை, மற்றதன் கழுத்தில் வெள்ளை. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவருக்கு ஸ்லிப்பர் என்று பெயர் (காலில் போடுவது அல்ல). அவர் கையில் இரட்டைக் கழுத்துப்பட்டையும் ஒரு கயிறும் இருக்கும். சுண்டினால் இரண்டு பட்டையும் ஒரே நொடியில் அவிழும். தூரத்து வயலிலிருந்து ஆட்கள் வரிசையாக நடந்து முயலைக் கலைத்து ஓட்டிவருவார்கள். ஸ்லிப்பர் ஒரு மறைப்புக்குப் பின்னால் நாய்களோடு காத்திருப்பார். முயல் அவரைக் கடந்து ஓடும். உடனே விடமாட்டார். முயல் நல்ல ஓட்டத்தில் இருக்கிறதா, இரண்டு நாயும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டனவா என்று பார்த்து, முயலுக்கு 80 முதல் 100 கஜம்வரை முன்தூரம் கொடுத்துப் பிறகுதான் கயிற்றைச் சுண்டுவார். அதற்குள் இரண்டு நாயும் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பத்துத் தப்படி ஓடியிருக்கும்.

நடுவர் குதிரையில் பின்னாலேயே போவார். யார் முதலில் பிடித்தது என்பது அவருடைய கேள்வியே இல்லை. கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நேர்கோட்டில் முயலை எட்டிவிடும். ஆனால் திரும்புவதில் முயல்தான் ராஜா. நம் ஊர் கன்னி, சிப்பிப்பாறை நாய்களின் உடல்வாகைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். நீண்ட கால், ஒட்டிய வயிறு, வில்லாக வளையும் முதுகு. வேகத்துக்கான உடம்பு அது, ஆனால் அந்த வேகத்தில் சட்டென்று திரும்பச் சொன்னால் நாலடி தள்ளிப்போய்த்தான் நிற்கும். நடுவர் பார்ப்பது இந்த இடத்தைத்தான்: நாய் முயலை எத்தனை முறை வளைத்தது, வளைத்தபின் எவ்வளவு சீக்கிரம் தானும் வளைந்தது.

புள்ளிக் கணக்கு இப்படிப் போகும். முயலை நோக்கிய முதல் ஓட்டத்தில் முந்தும் நாய்க்கு, எவ்வளவு முந்தியது என்பதைப் பொறுத்து 1 முதல் 3 வரை. முயலைச் செங்கோணமாகவோ அதற்கு மேலோ திரும்ப வைத்தால் 1. அதைவிடக் குறைவாக ஒடித்தால் அரை. ஒரு நாய் நீளம் பின்னால் இருந்தவன் நேர் ஓட்டத்தில் மற்றவனைத் தாண்டி ஒரு நாய் நீளம் முன்னால் போய்விட்டால் 2. கொன்றால்? சொற்பம்தான். அதுவும் அந்த நாயின் சொந்தத் திறமையால் பிடித்திருந்தால் மட்டும். எதிராளி வளைத்துக் கொடுத்த முயல் தானாக வாயில் வந்து விழுந்திருந்தால் ஒன்றும் கிடையாது.

ஒரு ஓட்டத்தை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். சிவப்பு நாய் முந்திப் போகிறது, வேகத்துக்கு 2. முயலைத் திருப்பிவிடுகிறது, 1. ஆனால் தன் வேகத்திலேயே அகலப் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் வெள்ளை உள்ளே நுழைந்து முயலோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், ஓர் அரைத் திருப்பம்: இரண்டரை. சிவப்பு மறுபடி வந்து முன்னால் போகிறது. நேர் ஓட்டத்தில் வெள்ளை அதைச் சுத்தமாகத் தாண்டுகிறது, இன்னொரு 2. கடைசியில் முயல் களைத்துச் சிவப்பின் வாயில் சிக்குகிறது. அதற்கு நடுவர் 1 கொடுத்தாலும் சிவப்புக்கு 4, வெள்ளைக்கு நாலரை. முயலை வாயில் வைத்திருக்கும் நாய் தோற்றுவிட்டது! இவ்வளவும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பல தடவை முயல் வாய்க்காலுக்கு அப்பால் புதருக்குள் போய் மறைந்துவிடும். அப்போதும் முடிவு உண்டு. அதுவரை எடுத்த புள்ளிதான் கணக்கு.

கோப்பையை ஜெயிக்க வேண்டுமானால் ஒரு நாய் மூன்று நாளில் இப்படி ஆறு முறை ஓடி ஆறிலும் ஜெயிக்க வேண்டும். அதுவும் ஆறு வேறு வேறு முயல்களோடு. நல்ல முயல் வாய்த்தால் ஓட்டம் நீண்டு நாய் களைத்துவிடும். அடுத்த சுற்றில் சோப்ளாங்கி நாயிடம்கூடத் தோற்கலாம். ஆக அதிர்ஷ்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சூதாடிகளுக்குப் பிடித்ததும் அதனால்தான்.

இப்படிப்பட்ட போட்டியில் மூன்று முறை ஜெயித்த நாய்கள் உண்டு என்பதுதான் ஆச்சரியம். செரிட்டோ 1850, 1852, 1853இல் ஜெயித்தது. ஆனால் பெயர் என்றால் மாஸ்டர் மெக்ராத்தின் பெயர்தான். (கிரிக்கெட் மெக்ராத்தை நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள்.) 1866இல் அயர்லாந்தில், வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்து டங்கார்வன் பக்கம் பிறந்த கறுப்பு வெள்ளை நாய். எடை 24 கிலோ சொச்சம், கிரேஹவுண்டுக்கு அது சிறிய உருவம். உரிமையாளர் லர்கன் பிரபு. குட்டியாக இருந்தபோது அதைப் பார்த்துக்கொண்ட ஓர் அனாதைச் சிறுவனின் பெயரையே நாய்க்கு வைத்தார்கள் என்பார்கள். 1868இல் கோப்பை. 1869இல் மறுபடி கோப்பை. 1870இல் மூன்றாவது முறையாக வந்தபோது ஆல்ட்காரில் நீர் உறைந்து கிடந்தது. லேடி லயன்ஸ் என்ற நாயோடு ஓடும்போது முயலைத் துரத்திய வேகத்தில் பனிக்கட்டி உடைந்து மெக்ராத் ஆற்றுக்குள் விழுந்தது. தூக்கிக் கரைசேர்த்தார்கள். இனி இந்த நாயை ஓடவிடமாட்டேன் என்று லர்கன் பிரபு சொன்னாராம். பிரபுக்களின் சபதம் எத்தனை நாளைக்கு? 1871இல் மறுபடி கொண்டுவந்தார். மூன்றாவது கோப்பை. மொத்தம் 37 ஓட்டத்தில் தோற்றது அந்தப் பனிக்கட்டி ஓட்டம் ஒன்றுதான்.

விக்டோரியா மகாராணி அந்த நாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, விண்ட்சர் கோட்டைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அயர்லாந்தில் பாட்டுக் கட்டினார்கள். நாய் இங்கிலாந்தில் இங்கிலீஷ் நாய்களை ஜெயித்தது என்பதுதான் அந்தப் பெருமையின் உள்ளே இருந்த விஷயம். உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்து இருபது வருடம்கூட ஆகாத தேசம் அது. அதே 1871 முடிவதற்குள் மெக்ராத் செத்துப்போனது. டங்கார்வன் அருகே சாலையோரம் அதற்கு ஒரு நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது.

அடுத்த பெரிய பெயர் ஃபுல்லர்ட்டன். சிலியில் நைட்ரேட் உப்பில் பெரும் பணம் சம்பாதித்த கர்னல் நார்த் 850 கினி கொடுத்து வாங்கிய நாய். 1889இல் இறுதிக்கு வந்த இரண்டு நாயும் நார்த்துடையவை. எதற்கு ஓடவிட வேண்டும் என்று கோப்பையைப் பங்கிட்டுக்கொண்டார். பிறகு 1890, 1891, 1892 மூன்றும் ஃபுல்லர்ட்டனுக்கே. 1893இல் திரும்பவும் களத்தில் இறக்கினார், தோற்றது. எந்த ஆட்டத்திலும் ஒரு வருடம் முன்னாலேயே விலகத் தெரிந்தவர்கள் குறைவு, நாய்க்கு அந்த முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. ஃபுல்லர்ட்டனை நீங்கள் இன்றும் பார்க்கலாம். லண்டனுக்கு வடமேற்கே டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஃபுல்லர்ட்டன் ஓட வருவதற்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது என்றுதான் சொல்வேன். 1880இல் ஒரு சட்டம் வந்தது. குத்தகை விவசாயிகள் தங்கள் வயலைத் தின்னும் முயலையும் குழிமுயலையும் தாங்களே கொல்லலாம் என்றது. அதுவரை பண்ணையார் விளையாட்டுக்காக விவசாயியின் பயிரைத் தின்று வளர்ந்த முயல்கள் மளமளவென்று குறைந்தன. பல கோர்ஸிங் சங்கங்கள் முயல் இல்லாமலேயே மூடின. ஆல்ட்கார் போலப் பெரிய பண்ணைகள்தான் தாக்குப்பிடித்தன. சேற்றில் நடக்க விரும்பாத கூட்டத்துக்காக இன்னொரு முயற்சியும் நடந்தது. 1876இல் பிளம்ப்டனில் வேலி போட்ட மைதானத்துக்குள் முயலை விட்டு நாயை ஓடவிட்டார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கலாம். சில வருடம் நன்றாக ஓடியது. பிறகு சலித்துவிட்டது, ஏனென்றால் அங்கே முயல் நேராகத் தப்பும் வழியை நோக்கியே ஓடியது. வளைதல் இல்லை, திருப்பம் இல்லை. வெறும் வேகம்.

அதே 1876இல் லண்டன் ஹெண்டனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தரையில் 400 கஜத்துக்கு நேராகத் தண்டவாளம். அதன்மேல் பொம்மை முயல். ஒரு முனையில் உருளையைச் சுற்றி அதை இழுத்தார்கள். நாய்கள் துரத்தின. கூட்டம் கைதட்டிவிட்டுப் போய்விட்டது. திரும்ப வரவில்லை. காரணம் பிளம்ப்டனில் பார்த்த அதே காரணம்தான். நேர்கோட்டில் எப்போதும் வேகமான நாய்தான் ஜெயிக்கும், அதில் பந்தயம் கட்ட என்ன இருக்கிறது?

இந்தக் கணக்கைத் தீர்த்தவர் அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித். முயலை இயந்திரமாக்கியதோடு நிற்காமல் அதை வட்டமாக ஓடவிட்டார். வளைவு வந்துவிட்டது! ஆறு நாயோ எட்டு நாயோ ஒரே நேரத்தில் ஓடலாம், வளைவில் இடித்துக்கொள்ளலாம், உள்பக்கம் நுழையலாம், யாரும் ஜெயிக்கலாம். திருப்பம் என்ற விஷயத்தை முயலிடமிருந்து எடுத்துத் தளத்திடம் கொடுத்துவிட்டார். அப்படியொரு தளம் 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டர் பெல் வூவில் திறந்தது. முதல் நாள் வந்தது 1,700 பேர்தான். 440 கஜப் பந்தயத்தை மிஸ்ட்லி என்ற நாய் ஜெயித்தது. சில வாரத்தில் கூட்டம் பல மடங்காகிவிட்டது. அடுத்த வருடமே லண்டன் ஒயிட் சிட்டியில் முதல் கிரேஹவுண்ட் டெர்பி.

யோசித்துப் பாருங்கள். மில் தொழிலாளி ஒருவன். ஆல்ட்காருக்குப் போக வேண்டுமானால் பிப்ரவரியில் வேலை நாளில் லீவு போட்டு, ரயிலேறி, சேற்றில் நின்று, அரை மைல் தூரத்தில் ஏதோ இரண்டு நாய் ஓடுவதைப் பார்த்து, சிவப்பு ஜெயித்ததா வெள்ளை ஜெயித்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெல் வூவில் வேலை முடித்துவிட்டு ராத்திரி போகலாம். வெளிச்சம் உண்டு, கண்ணெதிரே முழுப் பந்தயமும் அரை நிமிடத்தில் முடியும், கால் மணியில் அடுத்தது. எது ஜெயிக்கும்? வாட்டர்லூவின் கூட்டம் போனது இப்படித்தான். கோப்பை தொடர்ந்து நடந்தது, ஆனால் ஒரு காலத்தில் ஊரையே நிறுத்தி வைத்த போட்டி மெல்ல மெல்ல ஒரு குறுகிய வட்டத்தின் விஷயமாகிவிட்டது.

கூட்டம் போனபின் ஆதரவும் போகும். உயிருள்ள முயலை வைத்து இதைச் செய்யலாமா என்ற கேள்வி வலுத்தபோது எதிர்த்துப் பேச ஆள் குறைவு. ஹெரால்டு வில்சன் ஆட்சியில் 1970 வாக்கில் தடை மசோதா வந்தது. தேர்தல் வந்து அது அப்படியே போனது. வில்சனின் தொகுதியே லிவர்பூலை ஒட்டிய ஹைட்டன்தான், ஆல்ட்கார் அவருக்கு அக்கம்பக்கம். 1975இல் இன்னொரு மசோதா மக்களவையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் செத்தது. 2000இல் அரசு அமைத்த பர்ன்ஸ் குழு வேட்டை முழுவதையும் ஆராய்ந்தது. சங்கங்கள் நடத்தும் கோர்ஸிங்கில் வருடத்துக்குச் சுமார் 250 முயல்கள் சாவதாக அதன் அறிக்கை சொன்னது. இரண்டு தரப்பும் இதே எண்ணைப் பிடித்துக்கொண்டன. இவ்வளவுதானே என்றது ஒரு தரப்பு. புள்ளிக்கே தேவையில்லாத சாவு எதற்கு என்றது மறு தரப்பு. நான் இதில் முயல் பக்கம். இரண்டு நாய்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் காட்சியை, திறமையைத்தான் அளந்தோம் என்று சொல்லி மறைக்க முடியாது.

2004 நவம்பர் 18 அன்று வேட்டைச் சட்டம் நிறைவேறியது. பிரபுக்கள் சபையைத் தாண்டிக்கொண்டு நிறைவேற்றினார்கள். அமலுக்கு வந்த நாள் 2005 பிப்ரவரி 18. கடைசி வாட்டர்லூ கோப்பையை அதற்குச் சற்று முன், பிப்ரவரி 14 முதல் 16 வரை, ஆல்ட்காரில் நடத்தி முடித்தார்கள். கடைசி முறை பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம், எதிர்ப்புக்காரர்கள் ஒரு பக்கம்.

அயர்லாந்துக் குடியரசில் கோர்ஸிங் இன்னும் நடக்கிறது. 1993இலிருந்து அங்கே நாய்க்கு வாய்க்கூடு கட்டாயம். க்ளோன்மெல் ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் பெரிய விழாவே உண்டு. இங்கிலாந்தில் திருட்டுத்தனமாக வயலுக்குள் நாயை விட்டுப் பந்தயம் கட்டும் கும்பல்கள் இருக்கின்றன, 2022இல் அதற்கான தண்டனையைக் கூட்டினார்கள். கோப்பையைக் காலிசெய்த மின்சார முயலுக்கும் நல்ல காலம் முடிந்துவிட்டது. ஒயிட் சிட்டி 1984இல் மூடியது. எல்லாம் ஆரம்பித்த பெல் வூவிலும் 2020இல் ஓட்டம் நின்றது.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. 2005இல் கடைசிக் கோப்பையை ஜெயித்த நாயின் பெயர் ஷஷி. நம் ஊரில் சசி என்போம், நிலா. நிலாவில் தெரியும் கறையை முயல் என்று பாட்டி காட்டியிருப்பாரே, அந்த முயலை வைத்து வந்த சொல்தான் அது: முயலை உடையது என்று பொருள். நாய்க்குப் பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.